பிங்க் ஃபிளாய்டோட முதல் அஞ்சு சிங்கிள் (1967-68): உங்ககிட்ட எது இருக்கு, எப்படிப் பார்த்து வாங்கினீங்க?

ஊசிமுனை

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்கு எழுதியே ஆகணும்னு தோணிடுச்சு, ஏன்னா நேத்து சாயங்காலம் பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃபிளாய்டோட 'சீ எமிலி ப்ளே' சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கற சின்னத் தட்டு) என் கைக்கு வந்துடுச்சு. கொலம்பியா லேபிள், நம்பர் டிபி 8214, 1967 ஜூன்ல பிரிட்டன்ல வந்த அதே ஏழு இஞ்ச் தட்டு. ஒரிஜினல் கம்பெனி உறை இல்ல, சாதா வெள்ளைப் பேப்பர் உறைதான். லேபிள்ல அந்தக் காலத்துல யாரோ பேனாவால தன் பேரை எழுதி வெச்சிருக்காங்க, பி சைடுல, அதாவது பின் பக்கத்துல, மெல்லிசா ஒரு கீறல் இருக்கு, அது பாட்டுக்குள்ள வரல.

இந்தப் பாட்டு எனக்குப் புதுசு இல்ல. காலேஜ் நாள்ல 'ரெலிக்ஸ்' கேசட்ல கேட்டு கேட்டு நாடாவே தேஞ்சு போச்சு, அப்புறம் சிடி, அப்புறம் ஃபோன். ஆனா நேத்து ஊசி வெச்சு அந்த முதல் ரெண்டு செகண்ட் வந்ததும் வேற ஏதோ பாட்டைப் போட்டுட்டோமோன்னு எழுந்து போய் லேபிளைப் பார்த்தேன். பேஸ் அப்படியே நடுவுல வந்து நிக்குது, அவங்க பாடகர் சிட் பாரெட்டோட கிட்டார் சறுக்கிட்டுப் போற சத்தம் கண்ணாடி மேல சில்லறை உருட்டுற மாதிரி இருக்கு, நடுவுல பியானோ திடீர்னு வேகம் எடுக்குற அந்த இடம் வர்றப்ப என் பொண்ணு உள் ரூம்லேருந்து ஓடி வந்து என்னப்பா அதுன்னு கேட்டா. இருபது வருஷமா நான் கேட்டுட்டு இருந்தது இந்தப் பாட்டோட நிழல்தான்னு பட்டுச்சு.

இப்ப மிச்ச நாலும் வேணும். எனக்குத் தெரிஞ்ச வரிசை இது: 1967 மார்ச்ல 'அர்னால்ட் லேன்', ஜூன்ல இது, நவம்பர்ல 'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்', 1968 ஏப்ரல்ல 'இட் வுட் பீ ஸோ நைஸ்', டிசம்பர்ல 'பாயின்ட் மீ அட் தி ஸ்கை'. என்கிட்ட வந்தது நிஜமாவே முதல் ப்ரெஸ்ஸிங் (முதல் தடவை அச்சடிச்ச தட்டு) தானா, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடைசி ரெண்டும் ஏன் அவ்வளவு விலை சொல்றாங்க, பாட்டு அவ்வளவு பெரிய ஹிட்டும் இல்லையே? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹாரோ அண்ணை

வாழ்த்துக்கள் தம்பி. நல்ல தட்டு ஒண்டோட துவங்கியிருக்கிறீர். நான் லண்டன்ல இருந்து எழுதுறன், ஞாயிற்றுக்கிழமைகளில நடக்கிற ரெக்கார்ட் ஃபெயாருக்குப் போய்ப் போய் இந்த அஞ்சையும் சேர்க்க எனக்குப் பதினொரு வருசம் எடுத்தது, ஆனபடியா ஆறுதலா வேண்டுங்கோ, அவசரப்படாதேங்கோ.

முதல்ல லேபிளைப் பாருங்கோ. கறுப்பு லேபிள், வெள்ளி எழுத்து. 'தி பிங்க் ஃபிளாய்ட்' எண்டு முன்னால 'தி' போட்டிருக்கும். கொலம்பியா லேபிளை இங்க வைச்சிருந்த ஈஎம்ஐ கம்பெனியின்ட அந்தக் காலத்துச் சிங்கிள்களில, பிரிட்டன்ல விற்பனை விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது எண்டு ஒரு வரி அச்சடிச்சிருக்கும், அது இருக்கோ எண்டு பாருங்கோ. நடுத்துளை சின்னனா இருக்கோணும், சுத்தி நாலு இடத்தில பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி ஒரு வட்டம் இருக்கும். அதை உடைச்சு எடுத்துப்போட்டு ஜூக்பாக்ஸில போட்டிருப்பினம், அப்படிப் பெரிய துளையா இருந்தா விலை பாதிக்கு இறங்கும். பாட்டுக்கு ஒண்டும் குறையாது. காசு குறைவெண்டா அதையே தேடி வேண்டலாம், நடுவுக்குப் பிளாஸ்டிக் அடாப்டர் வைச்சாச் சரி.

அடுத்தது பாட்டு முடிஞ்ச இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில இருக்கிற வெறும் பகுதி. விளக்கைச் சரிச்சுப் பிடிச்சு வடிவாப் பாருங்கோ. லேபிளை நேரா வைச்சா கீழ, கடிகாரத்தில ஆறு மணி இருக்கிற இடத்தில, 7எக்ஸ்சிஏ எண்டு துவங்குற மேட்ரிக்ஸ் நம்பர் இருக்கும். அது கொலம்பியா சிங்கிளுக்கான முன்னெழுத்து, பார்லஃபோனுக்கு வேற. அதின்ட கடைசியில ஒரு கோடு போட்டு 1 அல்லது 2 எண்டு இருக்கும், அது எத்தினையாவது தரம் வெட்டின லாக்கர் (டேப்பில இருந்து பாட்டை முதல்ல வெட்டுற மூலத்தட்டு) எண்டதைச் சொல்லுது. ஒன்பது மணிப் பக்கத்தில தனியா ஒரு இலக்கம், அது மதர் நம்பர், மதர் எண்டது லாக்கர் வழியா எடுக்கிற உலோக நகல். மூண்டு மணிப் பக்கத்தில ஒண்டு ரெண்டு எழுத்து, அதுதான் ஸ்டாம்பர், தட்டை அடிக்கிற உலோக அச்சு.

அந்த எழுத்துக்குத்தான் ஒரு சூத்திரம் இருக்குது. 'கிராமோஃப்' எண்ட இங்கிலீஷ் எழுத்துக்களும் 'லிமிட்டெட்' எண்டதின்ட சுருக்கமும் சேர்ந்து பத்து எழுத்து: ஜி எண்டா 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, ஹெச் 7, எல் 8, அதுக்குப் பிறகு டைகர்ல வாற டி 9, டெல்லியில வாற டி பூச்சியம். அப்ப உங்கட தட்டில 'ஜிஆர்' எண்டு இருந்தா 12ஆவது ஸ்டாம்பர். ஈஎம்ஐயின்ட ஹேய்ஸ் ஃபேக்டரியில அடிச்ச எல்லாத்துக்கும் இதே கணக்குத்தான். இலக்கம் சின்னன் எண்டா அடிப்பு முந்தினது. உங்கட தட்டில என்ன இருக்குது எண்டு எழுதுங்கோ, பாப்பம்.

நிலா45

ஒரு சின்ன டவுட். கொலம்பியான்னா அமெரிக்கா கம்பெனி இல்லையா? பாப் டிலன் எல்லாம் அதுல தானே? அப்ப ஃபிளாய்ட் எப்படி ஈஎம்ஐ ஆகும்?

ஹாரோ அண்ணை

பேர் ஒண்டு, கம்பெனி வேற தங்கச்சி. பிரிட்டன்ல கொலம்பியா எண்ட பேர் ஈஎம்ஐயின்ட கையில இருந்தது. அமெரிக்கக் கொலம்பியா இங்க சிபிஎஸ் எண்ட பேரில தான் வித்தது. அமெரிக்காவில ஃபிளாய்டின்ட இந்தப் பழைய சிங்கிள்களை வெளியிட்டது டவர் எண்ட லேபிள், அது கேபிட்டலின்ட பிள்ளை. பிறகு 1975இல 'விஷ் யூ வேர் ஹியர்' வரேக்க தான் அமெரிக்காவில அவை உண்மையா அந்தக் கொலம்பியாவுக்குப் போனவை. ஆனபடியா ஆன்லைனில தேடேக்க கொலம்பியா எண்டு மட்டும் போட்டா எல்லாம் கலந்து வரும், டிபி நம்பரையும் சேர்த்துப் போடுங்கோ.

மோனோமணி

ஊசிமுனை சார், உங்களுக்கு ஏன் அப்படிக் கேட்டுச்சுன்னு நான் சொல்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

'ரெலிக்ஸ்' 1971 மே மாசம் வந்த தொகுப்பு. அதுல 'அர்னால்ட் லேன்', 'சீ எமிலி ப்ளே' ரெண்டும் பொய் ஸ்டீரியோ. அதாவது மோனோ டேப்பை (எல்லாச் சத்தமும் ஒரே சேனல்ல இருக்கறது) எடுத்து ஒரு பக்கம் பேஸைத் தூக்கி இன்னொரு பக்கம் ட்ரெபிளைத் தூக்கி ஸ்டீரியோ மாதிரி காட்டுவாங்க. அப்ப மார்க்கெட்ல ஸ்டீரியோன்னு எழுதினா தான் விக்கும்ங்கற காலம். அதனால நடுவுல கெட்டியா இருக்க வேண்டிய சத்தம் ரெண்டு பக்கமும் கரைஞ்சு போயிடுது. எமிலிக்கு நிஜமான ஸ்டீரியோ மிக்ஸ்னு ஒண்ணு இன்னி வரைக்கும் வரல, ஏன்னா குரலும் வாத்தியமும் தனித்தனியா இருக்கற மல்டி ட்ராக் டேப் கைல இல்ல. இருக்கறது மோனோ மாஸ்டர் மட்டும் தான். அப்போ அந்தப் பாட்டு முழுசா, அவங்க நினைச்ச மாதிரி இருக்கற இடம் இந்த ஏழு இஞ்ச் தட்டு தான் சார். அவங்க முதல் ஆல்பத்துக்கு மோனோவும் ஸ்டீரியோவும் இருக்கு, எது பெட்டர்னு சண்டை போடலாம், இதுக்குச் சண்டையே இல்ல.

இன்னொண்ணு. 'அர்னால்ட் லேன்' பதிவானது செல்சியில இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோல, ப்ரொட்யூசர் ஜோ பாய்ட். அதுக்கப்புறம் ஈஎம்ஐ கையெழுத்து போட்டதும் எங்க ஆளுதான் ப்ரொட்யூஸ் பண்ணுவாருன்னு நார்மன் ஸ்மித்தைக் கொண்டு வந்துட்டாங்க, பீட்டில்ஸுக்கு 'ரப்பர் ஸோல்' வரைக்கும் இன்ஜினியரா இருந்தவரு. அவரு ஆபி ரோட்ல வெச்சு அந்த முதல் சிங்கிளோட சத்தத்தைப் பிடிக்கப் பார்த்து முடியாம, எமிலிக்காகத் திரும்ப அதே சவுண்ட் டெக்னிக்ஸுக்கே போனாங்க. இதை நினைச்சுட்டு முதல் ரெண்டு சிங்கிளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க, ஒரே வீட்டுல பொறந்த மாதிரி இருக்கும். மூணாவதுலேருந்து அந்த வாசனை போயிடும்.

அப்புறம் காட்ரிட்ஜ், அதாவது ஊசி மாட்டியிருக்கற தலை. அஞ்சு சிங்கிளுமே மோனோ. மோனோ பள்ளத்துல சங்கதி பக்கவாட்டு அசைவுல மட்டும் தான் இருக்கு, மேலும் கீழும் அசையறது எல்லாம் அழுக்கும் தேய்மானமும் தான். ஸ்டீரியோ காட்ரிட்ஜ் ரெண்டையும் எடுத்துக் கொடுத்துடும். ஆம்ப்ல மோனோ பட்டன் இருந்தா அமுக்குங்க, பாதி இரைச்சல் அங்கயே அடிபட்டுப் போயிடும். பட்டன் இல்லன்னா ரெண்டு சேனலையும் ஒண்ணாக்குற ஒய் கேபிள் வாங்கலாம். கையில காசு இருந்தா மோனோ காட்ரிட்ஜே வாங்குங்க. அறுபதுகள்ல வீட்டு ரெக்கார்ட் ப்ளேயர்ல கனமான கைல ஓட்டின தட்டு தான் நம்ம கைக்கு வருது, மெல்லிசான ஊசி போற உயரத்துல பள்ளம் தேஞ்சிருக்கலாம், கொஞ்சம் தடிச்ச ஊசி தேயாத இடத்துல போய் உக்காரும். என்கிட்ட இருக்கற அர்னால்ட் பார்க்க சாம்பல் பூத்துக் கெடக்கு, மோனோ ஊசில போட்டா நம்ப மாட்டீங்க.

கடற்கரைக்காரன்

எல்லாம் சரி, ஆனா ஒண்ணு கேக்குறேன் கோச்சுக்காதீங்க. 2016ல 'தி ஏர்லி இயர்ஸ்' பெட்டி வந்துச்சே, அதுல இதே அஞ்சு சிங்கிளும் பழைய மாதிரியே உறை போட்டு ஏழு இஞ்ச்ல வந்துடுச்சு. 2013 ரெக்கார்ட் ஸ்டோர் டேக்கு எமிலி தனியா பிங்க் கலர்ல வந்துச்சு. கீறல் இல்லாம புதுசா இருக்கறப்ப ஏன் அம்பது வருஷப் பழசுக்கு இவ்வளவு குடுக்கணும்? பேர் எழுதின லேபிள், கிழிஞ்ச உறை, இதுக்கெல்லாம் காசா? பாட்டு கேக்கணும்னா ஒண்ணு, பொருள் சேக்கணும்னா ஒண்ணு, ரெண்டையும் குழப்பிக்கறோம்னு நினைக்கிறேன்.

தட்டுப்பிரியை

கடற்கரைக்காரன், நியாயமான கேள்வி, நான் ரெண்டும் வெச்சிருக்கேன் அதனால பதில் சொல்ற தகுதி இருக்குன்னு நினைக்கிறேன். பெட்டில வந்தது சுத்தமா இருக்கு, வாங்கினதுக்கு வருத்தம் இல்ல. ஆனா 1967ல அதை வெட்டின இன்ஜினியர் வேற ஒரு காரியத்துக்காக வெட்டினாரு. சின்ன ஸ்பீக்கர்ல, கடைல, ஜூக்பாக்ஸ்ல அடுத்த பாட்டை விட சத்தமா கேக்கணும்னு வெட்டினாரு. டேப்பும் அப்ப புதுசு, பதிவு பண்ணி சில வாரம் தான் ஆயிருந்துச்சு. அந்த முரட்டுத்தனம் பழைய தட்டுல இருக்கு, புதுசுல மரியாதையா இருக்கு. எது வேணும்ங்கறது அவங்கவங்க காது.

நீங்க பாட்டு வேற பொருள் வேறன்னு சொன்னதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல. எனக்கு ரெண்டும் ஒண்ணு சேர்றது பி சைடுல தான். இந்த அஞ்சு தட்டோட மதிப்பே அதுல தான் இருக்கு, யாரும் இன்னும் அதைப் பேசல.

'அர்னால்ட் லேன்' பின்னாடி 'கேண்டி அண்ட் எ கரன்ட் பன்'. அதுக்கு முதல்ல இருந்த பேரு 'லெட்ஸ் ரோல் அனதர் ஒன்', போதை சமாச்சாரம்னு பேரையும் வரியையும் மாத்த வேண்டியதாச்சு. பாருங்க, பின்னாடி இருந்ததுக்கு இவ்வளவு கெடுபிடி, முன்னாடி கொடில காயற பொம்பளைங்க துணியைத் திருடுறவனைப் பத்தின பாட்டு, அதை ரேடியோ லண்டன் போட மாட்டேன்னுடுச்சு, அது கடல்ல கப்பல்லேருந்து ஒலிபரப்புன திருட்டு ரேடியோ, அவங்களே! அப்படியும் அது 20ஆவது இடம் வரைக்கும் போச்சு. இந்தக் கதையோட வேர் கேம்பிரிட்ஜ்ல, சிட் பாரெட் வீட்டுலயும் குழுவுல பேஸ் வாசிச்ச ரோஜர் வாட்டர்ஸ் வீட்டுலயும் காலேஜ் பொண்ணுங்க வாடகைக்கு இருந்தாங்க, அவங்க துணி கொடிலேருந்து நெஜமாவே காணாப் போயிட்டு இருந்துச்சு.

'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்' பின்னாடி கீபோர்ட் வாசிச்ச ரிக் ரைட்டோட 'பெயின்ட் பாக்ஸ்'. சத்தியமாச் சொல்றேன், அந்தத் தட்டுல எனக்கு அதுதான் ஏ சைடு. 'இட் வுட் பீ ஸோ நைஸ்' பின்னாடி 'ஜூலியா ட்ரீம்', சிட்டுக்குப் பதிலா வந்த டேவிட் கில்மோர் குரல்ல வெளிவந்த முதல் பாட்டுகள்ல ஒண்ணு. 'பாயின்ட் மீ அட் தி ஸ்கை' பின்னாடி 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜீன்', ஸ்டூடியோல பதிவானது, 'உம்மகும்மா' ஆல்பத்துல வர்ற மேடை வடிவத்தை விட ரொம்ப அடங்கி, மூச்சைப் பிடிச்சுட்டு இருக்கற மாதிரி. முதல் தடவை கேக்கறப்ப அந்தக் கத்தல் எப்ப வரும்னு தெரியாம உக்காந்திருந்தேன்.

'ரெலிக்ஸ்'ல எமிலி, அர்னால்ட், பெயின்ட் பாக்ஸ், ஜூலியா, யூஜீன் வந்துச்சு. கேண்டி வரல, ஆப்பிள்ஸ் வரல, ஸோ நைஸ் வரல, பாயின்ட் மீ வரல. பாயின்ட் மீ பாட்டை பிரிட்டன்ல கேக்கணும்னா 1992ல 'ஷைன் ஆன்' பெட்டில 'தி ஏர்லி சிங்கிள்ஸ்' சிடி வர்ற வரைக்கும் அந்தத் தட்டை விட்டா வழி கிடையாது. இருபத்து நாலு வருஷம் ஒரு பாட்டு அந்த ஏழு இஞ்ச்ல மட்டும் இருந்திருக்கு. அதனால தான் பொருளையும் பாட்டையும் என்னால பிரிச்சுப் பாக்க முடியல.

கடற்கரைக்காரன்

சரி, பி சைடு விஷயம் எனக்கு இவ்வளவு தெரியாது. பெயின்ட் பாக்ஸ் இப்பத்தான் போட்டுக் கேட்டேன். நீங்க சொல்றது புரியுது. ஆனாலும் நான் பெட்டியோட நிக்கிறேன், என் பட்ஜெட் அவ்வளவு தான்.

ஹாரோ அண்ணை

அதில ஒரு பிழையும் இல்லை. கேக்கிறது தான் முக்கியம்.

தம்பி கேட்ட விலைக் கேள்விக்கு வாறன். காரணம் எளிசு, விக்கேல்லை. எமிலி 6ஆவது இடம் வரைக்கும் போனது, அதால நிறைய அடிச்சிருக்கினம், இண்டைக்கும் தேடினாக் கிடைக்கும். ஆப்பிள்ஸ் சார்ட்டுக்குள்ளயே வரேல்லை. அதுக்கிடையில சிட்டின்ட நிலைமை மோசமாப் போட்டுது, 1968 ஏப்ரல் முதல் கிழமை அவர் பிரிஞ்சிட்டார் எண்டு அறிவிச்சு, அடுத்த கிழமையே ஸோ நைஸ் கடைக்கு வந்தது. சிட் இல்லாம வந்த முதல் சிங்கிள். குழுவில ட்ரம்ஸ் வாசிச்ச நிக் மேசனே பிறகு பேட்டியில அது மோசமான தட்டு எண்டு வாய்விட்டுச் சொன்னவர். எனக்கு அது பிடிக்கும், கோரஸ் கொஞ்சம் கத்தல் தான் ஆனா வசனப் பகுதி அழகு. அதில ஒரு பத்திரிகைப் பேர் வருது, 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்'. விளம்பரம் எண்டு பிபிசி மறுத்ததால 'டெய்லி ஸ்டாண்டர்ட்' எண்டு மாத்திப் பாடி ரேடியோவுக்குத் தனியாக் குடுத்தவை. கடையில வித்த தட்டில ஈவினிங் தான்.

பிறகு பாயின்ட் மீ. விமானத்தில போற மாதிரிப் படமெல்லாம் எடுத்து, பழைய ரெட்டைச் சிறகு டைகர் மாத் விமானத்தில ஏறி, இவ்வளவு செய்தும் ஒருத்தரும் வேண்டேல்லை. அதோட இனி சிங்கிளே வேண்டாம் எண்டு விட்டிட்டினம். பிரிட்டன்ல அடுத்த சிங்கிள் 1979இல 'அனதர் ப்ரிக் இன் தி வால்' ரெண்டாம் பகுதி, அது கிறிஸ்மஸுக்கு முதலாம் இடம். நடுவில பதினொரு வருசம். யோசிச்சுப் பாருங்கோ, 'டார்க் சைட்' ஆல்பம் வந்த நேரம் கூட இங்க அதில இருந்து ஒரு சிங்கிள் வரேல்லை. ஆனபடியா விக்காமப் போன அந்த மூண்டு தட்டும் தான் இண்டைக்கு அரிது.

ஊசிமுனை

அண்ணா, அக்கா, மணி சார், எல்லாருக்கும் நன்றி. பூதக்கண்ணாடி வாங்கி வந்து பார்த்துட்டேன். கறுப்பு லேபிள், வெள்ளி எழுத்து, விலைக் கட்டுப்பாட்டு வரி இருக்கு. கீழ 7எக்ஸ்சிஏ, கடைசில கோடு 1. ஒன்பது மணிக்கு 1, மூணு மணிக்கு 'ஆர்எல்'. உங்க கணக்குப்படி 28ஆவது ஸ்டாம்பர், சரிதானா? ரெண்டு பக்கமும் மோனோ பட்டன் அமுக்கிக் கேட்டேன், மணி சார் சொன்ன இரைச்சல் நெஜமாவே பாதியாச்சு.

அடுத்து ஒரு இடத்துல அர்னால்ட் லேன் டெமோ காப்பி படம் போட்ட உறையோட பார்த்தேன். லேபிள்ல பெரிய ஏ எழுத்து. விலையும் என் சம்பளத்துக்குப் பக்கத்துல. இதுக்குப் போகலாமா?

சுருதிப்பெட்டி

தயவு செஞ்சு நிதானமா இருங்க. இதைச் சொல்லத்தான் லாகின் பண்ணேன்.

பிரிட்டன்ல அந்தக் காலத்துல சாதாரணமா கடைல வித்த சிங்கிளுக்குப் படம் போட்ட உறை கிடையாது, கம்பெனி பேர் போட்ட பொது உறை தான். படம் போட்ட உறை ரேடியோவுக்கும் பத்திரிகைக்கும் அனுப்பின டெமோவுக்குத் தான். எமிலி டெமோ உறைல சிட் பாரெட் தானே வரைஞ்ச ரயில் படம் இருக்கும், பிரிட்டிஷ் சிங்கிள்ல அது மாதிரி அழகா ஒண்ணு நான் பார்த்ததில்ல. அதனாலயே எல்லாருக்கும் வேணும், அதனாலயே போலி.

ஆறு வருஷம் முன்னாடி நான் ஒண்ணு வாங்கினேன். வித்தவர் பேர் இங்க வேணாம். படத்துல தட்டு அசல் மாதிரி தான் இருந்துச்சு, தட்டு அசலும் தான், ஆனா உறை நகல். கைக்கு வந்து லென்ஸ் வெச்சுப் பார்த்தப்ப தான் தெரிஞ்சுது. சின்ன எழுத்து எல்லாம் ஓரத்துல புள்ளி புள்ளியா உடைஞ்சிருக்கு. அசல் அச்சுல எழுத்து ஓரம் கத்தி மாதிரி திடமா இருக்கும், ஸ்கேன் பண்ணி அடிச்சதுல எழுத்தும் படமும் எல்லாமே புள்ளி தான். மடிப்பு ஒட்டின இடத்துல பழைய பசை மஞ்சளா இருக்கணும், இதுல வெள்ளையா இருந்துச்சு. தட்டோட வட்டம் அழுந்தி உறைல ஒரு வளையம் விழும் பாருங்க, அம்பது வருஷம் ஒண்ணா இருந்தா அது ரெண்டுக்கும் பொருந்தணும். என்னோடதுல தட்டுல தேய்மானம் இருந்துச்சு, உறைல வளையமே இல்ல. அந்தப் பணம் முழுசா திரும்பக் கிடைக்கல. அந்த வருஷம் வேற எதுவும் வாங்கல நான், தட்டைப் பார்த்தாலே மனசு கசந்துச்சு.

அதனால டெமோவை இப்ப விடுங்க. அஞ்சு சாதா காப்பியையும் முதல்ல முடிங்க. அப்புறமும் ஆசை இருந்தா நேர்ல பார்த்து, கையில லென்ஸோட வாங்குங்க. படம் போட்ட உறை தான் வேணும்னா பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, இங்கெல்லாம் கடைல வித்த சிங்கிளுக்கே படம் போட்ட உறை உண்டு. அதுவும் சும்மா கிடைக்காது ஆனா டெமோ விலை இல்ல.

தட்டுப்பிரியை

பிரான்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. அங்க அர்னால்ட் லேன் மூணு பாட்டு இபியா வந்துச்சு, அதுல கேண்டியோட 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' இருக்கு. இது முதல் ஆல்பத்துல இருக்கற பதிவு இல்ல, வேற டேக், சுருக்கினது. 2007ல ஆல்பத்தோட 40ஆவது வருஷப் பதிப்புல மூணாவது சிடில அதைச் சேர்த்தாங்க, அதுவரைக்கும் அந்த இபி தான் கதி. அதை நான் இன்னும் தேடிட்டு இருக்கேன். ரெண்டு தடவை ஏலத்துல கைநழுவிப் போச்சு. யார் கண்ணுலயாவது பட்டா, உறை கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க.

நிலா45

அமெரிக்கா டவர் லேபிள் தட்டு வாங்கலாமா? அங்க 'ஃப்ளேமிங்' சிங்கிளா வந்துச்சுன்னு பார்த்தேன், இது அஞ்சுல இல்லையே?

மோனோமணி

ஆமா, அது அமெரிக்கால மட்டும், பின்னாடி 'தி நோம்'. ஏன்னா அங்க முதல் ஆல்பத்தையே மாத்திட்டாங்க. 'ஆஸ்ட்ரானமி டோமினி', 'ஃப்ளேமிங்', 'பைக்' மூணையும் எடுத்துட்டு எமிலியை முதல் பாட்டா வெச்சாங்க. அப்புறம் விட்டுப்போன ஃப்ளேமிங்கை சிங்கிளாப் போட்டாங்க. டவர் சிங்கிள் எதுவும் அங்க ஓடல, அதனால சாதா காப்பியே குறைவு, நிறைய ப்ரோமோ காப்பி தான் கண்ணுல படும். ஆனா இந்த அஞ்சு பாட்டையும் முதல்ல வெட்டின நாட்டுல வெட்டின தட்டுல கேளுங்க நிலா, அப்புறம் டவர் பக்கம் போகலாம். இது என் கருத்து.

ஹாரோ அண்ணை

தம்பி, 28 சரி. லாக்கர் 1, மதர் 1. நல்ல தட்டு, பத்திரமா வைச்சிருங்கோ. மாறி மாறி அடிச்சிருப்பினம், ஆனபடியா 28 எண்டதை வைச்சு இன்ன நாள் எண்டு சொல்லேலாது, ஆனா முந்தின கூட்டத்தில ஒண்டு எண்டு நான் நினைக்கிறன்.

இனி வேண்டேக்க ரெண்டு விசயம். ஒண்டு கிரேடிங், தட்டின்ட நிலைமைக்குப் போடுற தரம். இங்க பிரிட்டன்ல 'எக்ஸலன்ட்' எண்டு சொல்லுறதும் அமெரிக்கன் 'விஜி ப்ளஸ்' எண்டு சொல்லுறதும் கிட்டத்தட்ட ஒண்டு. வெறும் விஜி எண்டா ரெண்டு நாட்டிலயும் பாட்டு முழுக்கப் பொரியும், பேரில 'வெரி குட்' இருக்குதெண்டு ஏமாறாதேங்கோ. விக்கிறவரிட்ட கேளுங்கோ, பார்த்துப் போட்ட கிரேடோ போட்டுக் கேட்டுப் போட்ட கிரேடோ எண்டு. இந்தத் தட்டுகள் பாக்கப் பளபளப்பா இருந்தாலும் ஊசி வைச்சாத் தேய்ஞ்சிருக்கும், மறுவளமாயும் நடக்கும்.

மற்றது அனுப்புறது. தட்டை உறைக்கு வெளிய எடுத்துத் தனி உறையில போட்டு, ரெண்டு பக்கமும் கெட்டி மட்டை வைச்சு அனுப்பச் சொல்லுங்கோ. உள்ளுக்க வைச்சு அனுப்பினா வழியில ஆடி ஆடி உறையின்ட மேல் விளிம்பைக் கிழிச்சிடும். வந்த பிறகு மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு நிமிர்த்தி வையுங்கோ, ஒண்டுக்கு மேல ஒண்டு படுக்க வைக்காதேங்கோ. பழைய தடிச்ச பிவிசி உறையில விட்டா வருசக் கணக்கில அது தட்டோட ஒட்டிப் பால் நிறத்தில கறை விடும், அந்தக் கறை போகாது, அதின்ட சத்தமும் போகாது.

சுருதிப்பெட்டி

கழுவறதுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் வாங்குங்க ஊசிமுனை, குழாய்த் தண்ணி வேணாம், உப்புப் படியும். லேபிள் நனையாமப் பார்த்துக்குங்க. பேர் எழுதியிருக்குன்னு சொன்னீங்களே, அந்த மை தண்ணி பட்டாப் பரவிடும். அதை அழிக்கணும்னு முயற்சியே பண்ணாதீங்க, லேபிள் வெள்ளி எழுத்தும் சேர்ந்து வந்துடும்.

ஊசிமுனை

அழிக்க மாட்டேன். அந்தப் பேருக்கு உரியவங்களுக்கு இப்ப எழுபது வயசு தாண்டியிருக்கும், 1967 கோடைல காசு சேர்த்து வாங்கியிருப்பாங்க, அது அப்படியே இருக்கட்டும்.

டெமோவை விட்டுட்டேன். அதுக்குப் பதிலா இன்னிக்கு 'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்' ஒண்ணு பிடிச்சேன், டிபி 8310, நடுத்துளை உடைச்சது, ஜூக்பாக்ஸ்லேருந்து வந்ததாம், போட்டுக் கேட்டு எக்ஸலன்ட்னு எழுதியிருக்காரு. நடு உடைஞ்சதால விலை கைக்கு அடங்குச்சு. மட்டை வெச்சு அனுப்பச் சொல்லிட்டேன். வந்ததும் அக்கா சொன்ன மாதிரி பெயின்ட் பாக்ஸ் பக்கத்தைத் தான் முதல்ல போடப் போறேன்.

தட்டுப்பிரியை

ஜூக்பாக்ஸ் காப்பின்னா ஏ சைடு தான் அதிகமா ஓடியிருக்கும், பெயின்ட் பாக்ஸ் பக்கம் கிட்டத்தட்ட புதுசா இருக்க வாய்ப்பிருக்கு. கேட்டுட்டு எழுதுங்க, ஸ்டாம்பர் எழுத்தையும் சேர்த்து.

ஹாரோ அண்ணை

வாற ஞாயிறு இங்க ஃபெயார் இருக்குது. பாயின்ட் மீ கண்டா லேபிளும் மூண்டு மணிப் பக்கமும் படம் எடுத்து இங்க போடுறன். நாலாயிரம் தரம் ஓடின தட்டா இருந்தாலும் யூஜீன் பக்கம் ஒருக்கா போட்டுக் கேட்டுத்தான் விலை கதைப்பன்.